சாட்டைக்கு எண்ணெய்க் குளியல்

தில்லியில் 'கண்டிஷனர்' என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு நினைவு வருவது சுவரில் தொங்கிக்கொண்டு மின் கட்டணத்தை ஏற்றும் பெட்டி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நினைவு வருவது குளியலறையில் ஷாம்பூவை ஒட்டி நிற்கும் பாட்டில். இந்த இரண்டுக்கும் தம்பியாக மூன்றாவது ஒன்று கடைகளில் இருக்கிறது: தோலுக்குத் தடவும் கண்டிஷனர். கார் இருக்கை, சோபா, ஷூ, குதிரைச் சேணம் எல்லாவற்றுக்கும் போக மிச்சமிருந்தால் சாட்டைக்கும் அதைத்தான் தடவ வேண்டும். மூன்றையும் வாங்குகிறவரின் மனநிலை ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கியாயிற்று, கொஞ்சமாகவா போடுவது? ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ரஜாய் போர்த்திக்கொள்கிற ஊர் சாட்டையிடம் மட்டும் சிக்கனம் காட்டுமா? ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சி ஒரு சாட்டையைக் கொல்லப் பல வருடம் எடுத்துக்கொள்ளும். பாசம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கதையை முடித்துவிடும்.

'தில்லியில் யாரிடம் ஐயா சாட்டை இருக்கிறது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2010 காமன்வெல்த் போட்டிக்கு விருந்தாளிகள் வந்து இறங்குமுன், பழைய தில்லியின் டாங்காக்களை மாநகராட்சி வழியனுப்பிவிட்டது. டாங்காக்காரரின் 'சாபுக்'கும் அதோடு போயிற்று. சாபுக் பாரசீகச் சொல். நம் ஊர்ச் 'சவுக்கு' அதன் தமிழ்ப் பிறவி. மலாய் வழியாகக் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவில் 'ஷாம்பாக்' என்று இறங்கிய அண்ணனும் அதற்கு உண்டு. டாங்கா போனாலும் குதிரை போய்விடவில்லை. முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை ஏறி வரும் வெள்ளைக் குதிரை இருக்கிறது, சரவிளக்கு மாட்டிய சாரட்டு இருக்கிறது, ரேஸ் கிளப் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படை இருக்கிறது. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் திரட்டிய குதிரைப் படை அது. சேணம், கடிவாள வார், முழங்கால் வரை ஏறிய பூட்ஸ் என்று அங்கே தோலுக்குப் பஞ்சமில்லை. பிரிவினையின்போது வைஸ்ராயின் சாரட்டு யாருக்கு என்று இந்தியாவும் பாகிஸ்தானும் நாணயம் சுண்டிப் பார்த்து, நாம் ஜெயித்த கதை பிரசித்தம். பாதுகாப்புக் காரணமாக 1984-க்குப் பிறகு அந்தச் சாரட்டு விழாக்களிலிருந்து ஒதுங்கியது. 2014-இல் பாசறை திரும்பும் நிகழ்ச்சிக்குப் பிரணாப் முகர்ஜி அதில் ஏறி வந்தார். 2024 குடியரசு நாளில் திரௌபதி முர்முவும் பிரான்சின் மக்ரோனும் வந்தார்கள். ஓடுகிற தோலுக்குக் கவலையில்லை. நடுவில் அந்தச் சாரட்டு இருந்ததுபோல் ஓய்வில் உட்கார்ந்திருக்கும் தோலைப் பார்த்துத்தான் மனிதனுக்கு இரக்கம் பொங்கும், கை பாட்டிலைத் தேடும்.

அந்த இரக்கம் ஏன் ஆபத்து என்று தெரிய, தோல் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகளை முறுக்கிய கயிறு என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநார் அவர்களுக்குக் கைகொடுத்தது. உலகத்தின் ஒசத்தியான சாட்டைகள் பின்னப்படுவதும் கங்காருத் தோலில்தான். சாட்டையின் முறுக்குக்குள்ளே இன்னொரு முறுக்கு இருப்பதை நம் ஊரில்தான் கண்டுபிடித்தார்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். (அந்த நிலையத்தை வளர்த்தெடுத்த நாயுடம்மா பின்னாளில் தில்லி வந்து ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தோலைப் பதனிடத் தெரிந்தவருக்கு மாணவர் சங்கத்தைப் பதனிடுவது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுத ஆசை; அடக்கிக்கொள்கிறேன்.) ஆவாரம்பட்டையோ குரோமியமோ அந்த நார்களை அழுகாமல் பிடித்து நிறுத்துகிறது. அப்புறம் ஏற்றுகிற எண்ணெய், நாரும் நாரும் உரசாமல் வழுக்கிப் போக வைக்கிறது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். விளம்பரம் 'ஊட்டம்' என்கிறதே? செத்த மாட்டுக்கு என்ன ஊட்டம்? கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு விடுகிறோம். கீலைக் கழற்றி வாணலியில் போட்டு வடை மாதிரிப் பொரித்தெடுப்பதில்லை. அளவு மீறினால் நார்கள் பிடிப்பை விடும், வார் நீளும், பின்னல் தளரும், தையல் நூல் ஊறி இற்றுப்போகும். மேலே கசிந்த எண்ணெயில் ஊர்ப் புழுதி ஒட்டி, சாட்டையே உப்புத்தாளாகித் தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும். எண்ணெய்க் குளியல் தெரிந்த நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். தீபாவளியன்று தலையில் எண்ணெய் வைக்க ஐந்து நிமிஷம். அதை எடுக்கச் சீயக்காயோடு அரை மணி நேரப் போராட்டம். சாட்டைக்குச் சீயக்காய் கிடையாது. ஏறினது ஏறினதுதான்.

இங்கே தில்லிக்காரர் குறுக்கிடுவார். 'மதராஸில் உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள். மே மாதம் லூ என்ற அனல்காற்று அடித்தால் மனுஷனே அப்பளம் ஆகிறான். தோல் என்ன ஆகும்?' ஒத்துக்கொள்கிறேன். 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. முங்கேஷ்பூரில் இருந்த கருவி அன்றைக்கு 52.9 என்று காட்டிவிட, பிறகு வானிலைத் துறை பரிசோதித்து, அது 3 டிகிரி கூட்டிச் சொல்லியிருக்கிறது என்றது. வெயிலில் கருவிக்கே மூளை கலங்குகிற ஊர். ஆனால் காலண்டரைச் சரியாக முப்பது நாள் தள்ளிப் பாருங்கள். ஜூன் 28, அதே சப்தர்ஜங், 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் 'பாவம், வறண்டு கிடக்கிறதே' என்று அப்பிய எண்ணெய் ஜூலையில் பூஞ்சைக்கு அன்னதானம். லூ காற்றில் தோல் இழப்பது பெரும்பாலும் தண்ணீரை. எண்ணெய் எங்கேயும் ஓடிவிடவில்லை. இழந்த தண்ணீரை மழைக்காற்று வந்ததும் தோல் தானாகவே வாங்கிக்கொள்ளும். தாகமாக இருப்பவருக்கு நெய்யைக் குடிக்கக் கொடுப்பதுபோல நாம் நடுவில் புகுந்து உபசரிக்கிறோம். இதில் இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. கொழுப்பு கூடிய தோல் குளிர்காலத்தில் வெள்ளையாக ஒரு படலத்தைக் கக்கும். அதைப் பார்த்து 'ஐயோ, தோல் வெளுக்கிறது' என்று மறுபடி பூசுவார்கள். அடுத்த மாதம் இன்னும் வெள்ளையாகக் கக்கும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கணக்கு. தலைமுடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்: உருகி மறைந்தால் கொழுப்பு, அப்படியே நின்றால் பூஞ்சை.

அடுத்து, 'கம்பெனிச் சரக்கே வேண்டாம், பாட்டி சொன்ன எண்ணெய் போதும்' என்கிற கட்சி. பாட்டிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆளுக்கொரு எண்ணெய் சொல்கிறார்கள். புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய் தடவுவது நம் வழக்கம். காய்ந்து இறுகாத எண்ணெய் என்பதால் ஒரு சொட்டுக்குப் பாதகமில்லை. கூடினால் சாட்டையே சரியான விளக்கெண்ணெயாகிவிடும். வட இந்தியப் பாட்டி கடுகெண்ணெய் என்பார். ஊறுகாய்க்கும் பயில்வான் முதுகுக்கும் அதை அடிக்க ஆளில்லை. தோலில் போட்டால் காற்றுப் பட்டுப் பிசுக்கேறி, மாங்காய் ஊறுகாய் ஜாடியின் வாடையோடு ஒரு சாட்டை கிடைக்கும். ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ப் பாட்டி தேங்காய் எண்ணெய் என்பார். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் பண்டம். தில்லி ஜனவரியில் சாட்டைக்குள்ளேயே மெழுகுவத்தியாகும், மே மாதம் வழிந்து ஓடும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயோ மரத்துக்கு நல்லது, தோலை விறைக்க வைத்துவிடும். சேணக்காரர்கள் காலங்காலமாக நம்புவது மாட்டின் கால் எலும்புகளைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயை. பாட்டிலில் 'நீட்ஸ்ஃபுட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் தலைநகரில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. தேன்மெழுகும் ஆட்டு ரோமத்து லனோலினும் கலந்த களிம்பும் சரிதான். ஆனால் வழக்கு எண்ணெயின் சாதியைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது. முதலில் காய்ந்த தூரிகையால் புழுதியைத் தட்ட வேண்டும், ஈரத் துணியால் ஒரு துடைப்பு, நிழலில் உலர்த்தல். பிறகு ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மிளகளவு, விரல் நுனியால், பின்னலின் போக்கில். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தால், துணி சொல்லிவிடும். எண்ணெய் கையோடு வந்தால் நேற்று நீங்கள் தாராளப் பிரபு. மழை முடிந்த அக்டோபரில் ஒரு முறை, லூ தொடங்குமுன் மார்ச்சில் ஒரு முறை போதும். தரையில் அடிபடுகிற கடைசி ஒற்றை வாருக்கு மட்டும் இடையில் கொஞ்சம் சலுகை தரலாம். நுனியில் கட்டிய நைலான் குஞ்சத்துக்கு ஒன்றும் வேண்டாம், அது எண்ணெய்க் கிணற்றிலிருந்தே பிறந்து வந்தது.

மிகக் கடுமையான ஆட்சேபத்தை ஜீவகாருண்யக்காரர்கள் எழுப்புவார்கள்: 'மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. சாட்டை காய்ந்து வெடித்துப் போகட்டுமே, நல்லதுதானே?' குதிரையின்மேல் விழுகிற சாட்டைக்கு இந்தக் கட்டுரையில் ஒரு சொட்டுகூட ஒதுக்கவில்லை என்பது முதல் பதில். அடிக்கிறவன் கண்டிஷனர் வாங்குவதில்லை, கையில் கிடைத்த கம்பே அவனுக்குப் போதும் என்பது இரண்டாவது. சாட்டையின் கலை சத்தத்தில் இருக்கிறது. 'சடீர்' என்று கேட்பது தோல் எதன்மேலோ பட்ட ஓசை அல்ல. வீசிய கையிலிருந்து கிளம்பிய வளையம் மெலிந்துகொண்டே போகும் வாரில் வேகம் கூடி ஓடி, ஒலியை முந்தும்போது காற்றில் எழும் குட்டி வெடி. கோரிலி, மக்மில்லன் என்ற கணிதவியலாளர்கள் 2002-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மனிதன் கையால் செய்த பொருள்களில் முதன்முதலில் ஒலியை முந்தியது இதுதான் எனலாம். அந்த வளையம் ஓட வாருக்கு நெகிழ்வும் வேண்டும், விறைப்பும் வேண்டும். எண்ணெய் குடித்துத் தொய்ந்த சாட்டையை வீசினால் ஈரத் துண்டை உதறிய 'தொப்' சத்தம்தான் வரும். 1935-இல் வந்த 'ஹண்டர்வாலி'யில் ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா சாட்டையோடு வந்து நின்றதிலிருந்து இந்தி சினிமா அதன் மகிமையை அறியும். நமக்கு 1965-இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' போதும். அந்தப் படிக்கட்டில் எம்.ஜி.ஆர். கையில் இருந்தது கண்டிஷனரில் ஊறிய சாட்டையாக இருந்திருந்தால், நம்பியார் நடுவில் எழுந்து துடைத்துக்கொள்ளத் துண்டு கேட்டிருப்பார்.

'இதெல்லாம் உன் சொந்தச் சிக்கனம்' என்பவர்களுக்கு அருங்காட்சியகங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். லனோலின், தேவதாரு வகை எண்ணெய், தேன்மெழுகு கலந்த 'பிரிட்டிஷ் மியூசியம்' பூச்சு என்று ஒன்று புத்தக அட்டைகளுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. பூசிப் பூசிப் பிசுபிசுத்து, கறுத்து, தூசி பிடித்ததைப் பார்த்தபின் பாதுகாப்பு நிபுணர்கள் அதை மெல்லக் கைவிட்டார்கள். பழந்தோலைச் சிவந்த பொடியாக உதிர வைக்கும் நோய் எண்ணெய்க் குறையால் வருவதுமல்ல. லண்டன் அதீனியம் கிளப்பில் தோல் பொருள்கள் சீக்கிரம் நைந்ததற்கு மைக்கேல் ஃபாரடே 1843-லேயே எரிவாயு விளக்கின் கந்தகப் புகையைக் குற்றம் சாட்டினார். தில்லியின் நவம்பர் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் காற்றுக்கு எதிராக ஜன்னலைச் சாத்துவது கண்டிஷனர் பூசுவதைவிட நல்ல வைத்தியம்.

வைக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரட்டு ஓட்டுபவர்கள் சாட்டையை ஆணியில் தொங்கவிட மாட்டார்கள். உருண்டையான மரத் தட்டு ஒன்றைச் சுவரில் பதித்து, அதன் வளைவில் சாட்டையின் கழுத்தைப் படிய விடுவார்கள். அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்தே நிற்கும். பின்னல் சாட்டையை அகலமாகச் சுருட்டிப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். பிளாஸ்டிக் பை கூடாது, பூஞ்சைக்கு அது குளுகுளு வீடு. அதைவிட முக்கியம், கூலர் பக்கத்தில் கூடாது. வெட்டிவேர்த் தட்டி வைத்த தில்லிக் கூலர் மனிதனுக்குச் சொர்க்கம், தோலுக்குத் தினசரி மழைக்காலம். கண்டிஷனர் டப்பாவுக்கும் இடம் பார்க்க வேண்டும். பால்கனியில் வைத்தால் மே மாதம் மெழுகு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று பாகப் பிரிவினை நடந்துவிடும். மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். பெயர் மிக அவசியம். தேன்மெழுகுக் களிம்பு பார்வைக்கு அசல் நெய். தில்லிக் குளிர்காலத்தில் பருப்புக்கு மேலே என்ன விழுகிறது என்று எல்லாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

தில்லியில் இன்னொரு சாட்டைக் கூட்டம் இருப்பதை மறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கட்சிக் கொறடாவை வேறெந்தப் பெயரால் அழைக்கிறோம்? இந்தியில் 'கோடா', தெலுங்கில் 'கொரடா', மராத்தியில் 'கோர்டா' என்றால் எல்லாம் சாட்டைதான். மராத்தியில் அதே சொல்லுக்கு 'வறண்டது' என்றும் பொருள். கண்டிஷனர் விற்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டது ஆச்சரியம். ஆங்கிலேயரின் நரி வேட்டையில், கூட்டத்தைவிட்டு ஓடும் நாய்களைச் சாட்டை சொடுக்கித் திருப்பியவரின் பதவிப் பெயர் நாடாளுமன்றத்துக்கு வந்தது. யார் அந்த உவமையில் நாய்கள் என்று மேன்மை தங்கிய உறுப்பினர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. தில்லிக்குப் பக்கத்திலேயே ஹரியானாவில் 1967-இல் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறி 'ஆயா ராம், கயா ராம்' என்ற பழமொழியாகவே ஆனார். அப்போது கொறடா காய்ந்த வார், சொடுக்கினால் முறிந்தது. 1985-இல் 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்து அதற்குப் பதமேற்றியது. கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பிழைக்கலாம். அப்புறம் நடந்தது என் கட்சிக்குச் சாட்சி. எதற்கெடுத்தாலும் மூன்று கோடிட்ட கட்டளை பறக்கத் தொடங்கியது. 1992-இல் உச்ச நீதிமன்றம் கிஹோதோ ஹொல்லோஹன் வழக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியதோடு, ஆட்சியின் உயிரைப் பாதிக்கும் வாக்கெடுப்புகள், கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் போன்றவற்றோடு இந்தச் சாட்டை நின்றுகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஒரு சாணுக்கு ஒரு மிளகு என்று நான் சொல்வதும் அதுதான். எண்ணெய் டப்பா கையில் இருப்பவர்கள் இரண்டு இடத்திலும் கேட்கவில்லை.

கடைசியாகச் சுத்தம் செய்வது. தரையில் சிந்தினால் தண்ணீரை ஊற்றாதீர்கள், அறை முழுக்கப் பரவும். கடலை மாவையோ மரத்தூளையோ தூவிக் கால் மணி விட்டு, வாரி எடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் துடையுங்கள். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவது சுலபம்தான். ஆனால் சோப்பும் கழிவும் சேர்ந்து காளிந்தி குஞ்ச் பக்கம் சாத் பூஜைக் காலத்தில் யமுனை நுரைத்து நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவளுக்கு ஷாம்பூ போட்டாயிற்று. கண்டிஷனர் ஒன்றுதான் பாக்கி, அதை நாம் போட வேண்டாம். துடைத்த துணியை என்ன செய்வது என்பதில் மட்டும் வேடிக்கை கிடையாது. ஆளிவிதை எண்ணெய்போல் காய்ந்து இறுகும் எண்ணெய் கலந்த களிம்பாக இருந்தால், துணியைக் கசக்கி மூலையில் குவிக்கக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறும், குவியலுக்குள் சூடு தங்கும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று எரியத் தொடங்கியது இப்படி விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளால்தான். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். தில்லியின் மே மாதத்து பால்கனி அதைவிடத் தோதான இடம். துணியை விரித்துத் தனியாகக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் முக்கி வையுங்கள். அதைச் செய்துவிட்டுப் படுங்கள்.